மேல் வரியில் எழுதிய பெயர்

தெருமுனையில் யாரோ செய்தித்தாளைக் கொளுத்துகிறார்கள். காகிதம் எரியும் வாசனையோடு தோல் சூடாகும் வாசனையும் சேர்ந்து மாடிக்கு ஏறி வருகிறது. தப்பட்டையைக் காய்ச்சுகிறார்கள். எங்கள் தெருவில் யார் வீட்டிலோ சாவு. யார் என்று எட்டிப் பார்க்காமலே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தி, கொக்கியும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலைச் சாத்தினால் எல்லாம் வெளியே நின்றுவிடும் என்று நம்பும் புத்தி நாற்பத்தேழு வயதிலும் எனக்குப் போகவில்லை. நீ இருந்திருந்தால், "வாசனைக்கு இன்னாடி கொக்கி?" என்று கேட்டுவிட்டு அத்தனை ஜன்னலையும் திறந்து விட்டிருப்பாய்.

இன்று நீ போய் ஒரு வருஷம். காலையில் உன் தம்பி பாபு போன் செய்தான். வியாசர்பாடியில் உங்கள் தெருவிலேயே பந்தல், ஆறரை மணிக்குக் கானா என்றான். "சீட்டு நீதான்க்கா எழுதணும். அஞ்சு மணிக்குள்ள எழுதிகினு வந்துடு" என்றான். போனவர் பெயரையும் உறவுக்காரர்கள் பெயரையும் எழுதிப் பாடகர் கையில் கொடுக்கிற அந்தச் சீட்டுதான். "பாக்கறேன்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போது மணி இரண்டு. மேஜையில் வெள்ளைத்தாள் இருக்கிறது, பேனா இருக்கிறது. சீட்டை எழுதாமல் உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த மடலில் எங்கேயும் உன் பெயரை எழுத மாட்டேன். என் கையால் உன் பெயரை ஒருமுறை சீட்டில் எழுதி, அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தாயிற்று. எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று நான் முழுதாகச் சொன்னதில்லை. நான் சின்னவளாக இருந்தபோது ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீடு, சாவு ஊர்வலங்கள் மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போகிற வழியில் இருந்தது. தூரத்தில் மேளம் கேட்டதுமே அப்பா ஜன்னல்களைச் சாத்திவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைப்பார். மேளம் வீட்டைத் தாண்டுகிற வரை நானும் தங்கையும் கட்டிலுக்கு அடியில் கிடப்போம். சாத்திய ஜன்னல் வழியாக மேளம் மட்டும் உள்ளே வரும், ஆட்கள் யாரும் கண்ணில் பட மாட்டார்கள். அந்த ஆட்களைப் பார்த்திருந்தால், அழுது வீங்கிய முகங்களைப் பார்த்திருந்தால், இத்தனை பயந்திருக்க மாட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

எனக்குப் பாட்டு என்றால் மாதா கோயில் பாட்டுதான். பத்து வயதிலிருந்து பாடகர் குழுவில் இருக்கிறேன். கீபோர்டு, நான்கு குரல், எல்லோர் கையிலும் புத்தகம். புத்தகத்தில் இல்லாத எதுவும் அங்கே நடக்காது. அதனாலேயே எனக்கு அது பிடிக்கும்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் நம் ஆபீஸ் வாசலில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். கப்பலேறப் போகும் சரக்குகளுக்குக் காகிதம் தயார் செய்வது நம் வேலை. உன் மேஜை என் மேஜைக்குப் பக்கத்தில். ஒருநாள் நான் வாய்க்குள் முனகிக்கொண்டிருந்த பாட்டைக் கேட்டுவிட்டு நீ திரும்பினாய். "இன்னாடி இது, தொட்டில்ல கீற புள்ளைக்குப் பாடுற மாதிரி கீது? இத்த எங்க பாடுவாங்க?" என்றாய். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கோயிலில் பாடுவோம், வேண்டுமானால் வா என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நீ வந்தாய். முதல் பெஞ்சில், பட்டுப் புடவையில், கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி குந்தியிருந்தாய். நாங்கள் மெதுவாக இறங்கி அமைதியாக முடிக்கிற இடத்தில் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாய். ஃபாதரே திரும்பிப் பார்த்தார். நான் அன்றைக்கு வெட்கத்தில் செத்துப் போனேன். நீ வெளியே வந்து, "கடைசில எல்லாரும் ஒண்ணா மூச்ச நிறுத்துனீங்க பாரு, சோக்கா இருந்துச்சி" என்றாய். அந்த இடம்தான் எங்களுக்கே கஷ்டமான இடம். இருபது வருஷமாகக் கேட்கிறவர்கள் யாரும் அதைச் சொன்னதில்லை.

அன்றைக்கே நீ ஒரு சட்டம் போட்டாய். ஒரு மாதம் உன் விருப்பம், ஒரு மாதம் என் விருப்பம். பாட்டு நடக்கிற இடத்துக்கு நேரில் போக வேண்டும், போனில் கேட்பது கணக்கில் சேராது. பிடிக்காவிட்டாலும் முடிகிற வரை எழுந்திருக்கக் கூடாது. என் விருப்பமெல்லாம் அதே கோயில், இல்லாவிட்டால் பக்கத்துக் கோயில். உன் விருப்பத்துக்கு எல்லையே கிடையாது. தர்கா சந்தனக்கூட்டில் கவ்வாலிக்கு இட்டுக்கொண்டு போனாய். ஒரு வார்த்தையும் புரியாமலே இரண்டு பேரும் பெண்கள் பக்கம் உட்கார்ந்து தலையாட்டினோம். திருவொற்றியூர் தேரடியில் நாதஸ்வரத்துக்குக் கால் மரத்துப் போகிற வரை நின்றோம். ஒரு காலேஜ் மைதானத்தில் தலைமுடியைச் சுழற்றிக்கொண்டு கத்துகிற பாண்டு ஒன்றைக்கூட நீ விடவில்லை. "ஏன்டி இவன் இப்படி அடித்தொண்டையில கத்துறான், எவனாச்சும் செருப்ப தூக்கினு பூட்டானா?" என்று கேட்டுவிட்டு, கடைசிவரை உட்கார்ந்து கைதட்டிவிட்டுத்தான் வந்தாய். எல்லா இடத்திலும் நான் வாசலுக்குப் பக்கத்தில் இடம் பார்ப்பேன். கூட்டம் நெருக்கினால் ஓடுவதற்கு வழி தெரிய வேண்டும் எனக்கு. நீ என் கையைப் பிடித்து நடுவில் கொண்டுபோய் உட்கார வைப்பாய்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் உன் தாய்மாமன் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள், "நாளிக்கு என்னோட சாய்ஸு. எங்க வூட்டு பக்கம் கானா கீது, வா" என்றாய்.

"சாவுக் கானாவா? நான் வரல. வேற என்ன வேணா சொல்லு."

"ரூலுன்னா ரூலுதான். இப்ப ஜகா வாங்காத."

உன்னைக் கோபப்படுத்தக் கூடாது என்றுதான் வந்தேன், விருப்பப்பட்டு வரவில்லை. உங்கள் தெருவுக்குள் நுழைகிறபோதே திரும்பி ஓட வழி பார்த்துவைத்தேன். பந்தலில் புத்தர் படத்துக்குக் கீழே மாமாவின் படம், மாலை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். முதல் அடி விழுந்ததும் அது காதில் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் கேட்டது. கட்டிலுக்கு அடியில் கிடந்தவளை யாரோ காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்ட மாதிரி இருந்தது. உன் கையில் என் நகம் பதிகிற அளவுக்குப் பிடித்துக்கொண்டேன். நீ கையை எடுக்கவில்லை.

பிறகு மேளம் நின்றது. பாடகர் கண்ணை மூடிக்கொண்டு, தாளம் எதுவுமில்லாமல், தனியாகக் குரலை எடுத்தார்.

"மால போட்ட படத்துக்குள்ள மாமன் சிரிக்கிறாரு,
வேலைக்குப் போன மனுசன் இன்னும் வூடு திரும்பலையே..."

பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் பெண்கள் சிலுவைக்கு முன்னால் உட்கார்ந்து இழுத்து இழுத்துப் பாடுவார்களே, அதே இழுப்பு. அதே இடத்தில் மூச்சு உடைந்தது. நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ அழுதுகொண்டே என்னைப் பார்த்து, எப்படி என்பது போல் புருவத்தைத் தூக்கினாய். அடுத்த பாட்டில் மேளம் திரும்பச் சேர்ந்துகொண்டது. மாமா கேரம் ஆடும்போது லுங்கி மடிப்பில் காயை ஒளித்து வைக்கிற கதையைப் பாடகர் எடுத்துவிட்டார். உன் மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரித்தபடியே அழுதார். எங்கள் பாட்டுப் புத்தகத்தில் செத்தவர்கள் எல்லோரும் வெறும் ஆன்மாக்கள். இங்கே ஒரு மனிதர் கேரம்காயைத் திருடிக்கொண்டு இன்னும் உட்கார்ந்திருந்தார். அன்று வீட்டுக்குப் போன பிறகும் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பக் கேட்க வேண்டும் என்றும் இருந்தது. பயந்துகொண்டே ஒன்று பிடித்துப்போவது எனக்கு அதுதான் முதல் தடவை.

சீட்டு எழுதும் வேலை அதற்குப் பிறகு ஒட்டிக்கொண்டது. பக்கத்துத் தெருக் காரியம் ஒன்றில் யாரோ கிறுக்கிக் கொடுத்த சீட்டைப் படிக்க முடியாமல் பாடகர் திணறியபோது, "என் தோஸ்து எழுதுனா அச்சடிச்ச மாதிரி இருக்கும்" என்று என்னைத் தள்ளிவிட்டவள் நீ. எப்படி எழுத வேண்டும் என்று அந்தப் பாடகரே சொல்லிக் கொடுத்தார். மேல் வரியில் போனவர் பெயர் மட்டும். அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இருக்கிறவர்கள்: மனைவி, பிள்ளை, தம்பி, கூட்டாளி, அவரவர் உறவோடு. பாட்டுக்கு நடுவில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். கூப்பிடப்பட்டவர் எழுந்து நிற்க வேண்டும். "கோடு முக்கியம்மா. நாங்க மேல கீறத்த மட்டும் பாத்துட்டு ஆரம்பிச்சிடுவோம்" என்றார் அவர். ஆறேழு வீடுகளுக்கு எழுதினேன். ஒவ்வொரு முறையும் பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் எழுதினேன், நீ பக்கத்தில் இருந்ததால்.

பிறகு உன் நைனா போனார்.

அவருடைய பதினாறாம் நாள் நீ லீவில் இருந்தாய். நான் ஆபீஸிலிருந்து நேராக வந்தேன். அன்றைக்குக் கப்பலுக்குச் சரக்கு ஏற்றக் கடைசி நாள். காலையிலிருந்து உன் வேலையையும் சேர்த்து நானே பார்த்து, ஒவ்வொரு கோப்புக்கும் முகப்புச் சீட்டு எழுதி எழுதி விரல் வீங்கியிருந்தது. நம் ஆபீஸ் முகப்புச் சீட்டு எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் வரியில் அனுப்புகிறவர் பெயர், அதன் கீழே கோடு, அடுத்த வரியில் யாருக்குப் போகிறதோ அவர் பெயர். பத்தொன்பது வருஷமாக ஒரு நாளைக்கு எத்தனை எழுதியிருப்போம்! பந்தலில் பாபு ஓடிவந்து, "பாட்டுக்காரு ஆட்டோல வந்துகினே கீறாரு, சீக்கிரம்க்கா" என்றான். முழங்கால் மேல் தாளை வைத்து எழுதினேன். காரியத்தை நடத்துகிறவள் மூத்த பெண்ணான நீ. உன் பெயர் மேலே. கோடு. கோட்டுக்குக் கீழே முதல் வரியில் உன் நைனா பெயர், அப்பா என்று உறவோடு. பிறகு அம்மா, பாபு. கையே எழுதிவிட்டது. நான் திரும்பப் படித்துப் பார்க்கவில்லை.

பாடகர் வேறொரு கச்சேரியிலிருந்து நேராக வந்து இறங்கினார். நைனாவின் பேனர் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. சீட்டை வாங்கி மேல் வரியைப் பார்த்தார், கீழே உறவுகளை ஒரு ஓட்டம் பார்த்தார், கண்ணை மூடினார், குரலை எடுத்தார்.

"தம்பிய வளத்த கையி எங்க, தாயத் தேத்துன வாயி எங்க..."

எவ்வளவு நன்றாகப் பாடினார். நான்கூட ஒரு கணம் சொக்கித்தான் போனேன். அடுத்த அடியில் உன் பெயரைச் சொன்னார். போய்ட்டியே என்றார். பெத்த அப்பன் கேக்குறாரு, எங்க போன என்றார். தபேலாக்காரர் கையை எடுத்துவிட்டார். உன் அம்மா போட்ட கூச்சல் ஸ்பீக்கரைத் தாண்டிக் கேட்டது. பெண்களெல்லாம் தூ தூ என்று துப்பினார்கள். "எவ எழுதுனது இத்த?" என்று யாரோ கேட்டார்கள். பந்தலில் இருந்த அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. வாசல் எந்தப் பக்கம் என்று எனக்கு மறந்துபோயிற்று.

நீ எழுந்து நேராக மேடைக்குப் போனாய். பாடகர் கையிலிருந்த மைக்கை வாங்கினாய். "யோவ், நான் இங்கதான்யா உசுரோட கீறேன். போனது எங்க நைனா" என்றாய். பிறகு பின்வரிசையில் ஒருவர் சிரிக்க, பந்தலே சிரித்தது. பாடகர் உன் அம்மா காலில் விழப் போனார். நீ அவரைத் தடுத்து, "பாட்டு நல்லாதான் கீது. நிறுத்தாத. பேர மட்டும் மாத்து" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். கச்சேரி முடிகிற வரை என் கையை விடவில்லை. உன் அம்மா அன்றைக்கே உப்பும் மிளகாயும் வைத்து உன்னைச் சுற்றிப் போட்டார். அடுப்பில் போட்ட மிளகாய் நெடி அடிக்கவே இல்லை என்று கூடத்தில் யாரிடமோ சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் நான் இத்தனை நாளாகச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

பஸ் ஸ்டாப் வரை வந்து, "ஆயுசு கெட்டிடி எனக்கு. செத்துட்டான்னு சொன்னா நூறு வயசு இருப்பாங்க" என்று சிரித்தாய். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். தினமும் காலையில் ஆபீஸில் உன் நாற்காலியைப் பார்ப்பேன். நீ வந்து பையை மாட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வரும். நீ ஒருநாள் இருமினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. நைனா போன ஏழாம் மாதம் உனக்கு வயிற்றில் வலி வந்தது. கட்டி என்றார்கள். எங்கெங்கோ பரவிவிட்டது என்றார்கள். டாக்டர் என்னென்னவோ சொன்னார். இது ரொம்ப நாளாக உள்ளே இருந்திருக்கும், இரண்டு வருஷமாவது இருக்கும் என்றும் சொன்னார். அது என் காதில் விழுந்தது, மனசில் இறங்கவில்லை. மேல் வரியில் எழுதிய உன் பெயர் மட்டும்தான் கண் முன்னால் நின்றது.

ஆஸ்பத்திரியில் ஒரு சாயங்காலம் அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "நான்தான் எழுதினேன். என் கைதான்" என்று உன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாய். கன்னம் ஒட்டிப்போயும் அந்தக் குறும்பு போகவில்லை.

"உன் பேனாவுக்கு அவ்ளோ பவராடி? இத்த மொதல்லயே சொல்லி இருந்தா நம்ம மேனேஜரு பேர எழுதி குட்த்துருக்கலாமே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காக இன்னும் அழுதேன். நீ சிரிக்கவில்லை. தண்ணீர் கேட்டு இரண்டு மிடறு குடித்தாய்.

"எனக்கும் பயமாத்தான் கீது, ரோசு. ராத்திரில முழிச்சிகினே கெடக்குறேன். ஆனா அன்னிக்கி அந்தப் பாட்டு கீதே... தம்பிய வளத்த கையின்னு பாடுனான் பாரு. செத்தவங்க எவனாச்சும் அவன் பாட்ட அவனே கேட்டு கீறானா? எங்க நைனா கேக்கல. மாமன் கேக்கல. நான் கேட்டேன். நீ தப்பா எழுதுனதாலதான் கேட்டேன்."

கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டுத் திரும்ப என் கையைத் தேடினாய். "என் காரியத்துக்கும் நீதான் எழுதணும். இந்த தபா என் பேரு மேலதான் வரணும். கரெக்டா எழுது" என்றாய்.

சரி என்று தலையாட்டினேன். நீ அதை நம்பித்தான் போனாய்.

உன் காரியத்துக்கு நான் வரவில்லை. உன் அடக்கத்துக்கு வந்து, ஓரமாக நின்று, மண் போட்டுவிட்டு ஓடிவந்தேன். பதினாறாம் நாள் காய்ச்சல் என்று பாபுவிடம் பொய் சொன்னேன். சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லா ஜன்னலையும் சாத்திக்கொண்டு கட்டிலில் படுத்துக் கிடந்தேன். வியாசர்பாடியில் அடிக்கிற மேளம் ராயபுரத்தில் கேட்காது. எனக்குக் கேட்டது. என் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி, போகவில்லையா என்று கேட்டார். பயமாக இருக்கிறது என்று சொன்னால் எதற்கு என்று கேட்பார். எதற்கு என்று அவருக்குப் புரிய வைக்க எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது முறை உன் பெயரை மேல் வரியில் எழுதினால் நீ நிஜமாகவே போய்விடுவாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மண் போட்ட கையோடு அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷமாக உன் வீட்டுப் பக்கம் போகவில்லை. உன் நாற்காலியில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருக்கிறாள், காதில் எதையோ மாட்டிக்கொண்டு. நான் பாட்டுக் கேட்கப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் நீ கோபித்துக்கொள்வாய் என்று அதிலும் ஒரு பயம். ஒரு மாதம் என் விருப்பம், ஒரு மாதம் உன் விருப்பம் என்று மாற்றி மாற்றித்தான் போகிறேன். போன மாதம் உன் முறை. துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் தெலுங்குக்காரர்கள் நடத்திய பஜனைக்குப் போனேன். வாசல் பக்கம் உட்காராமல் நடுவில் போய் உட்கார்ந்து, உடம்பெல்லாம் வேர்த்து, முடிகிற வரை இருந்தேன். கோயில் குழுவில் இப்போது சின்னப் பிள்ளைகள் ஒரு டோலக் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள். பெரியவர்கள் எல்லோரும் வேண்டாம் என்றபோது, சேர்க்கலாம் என்று கையைத் தூக்கியவள் நான் ஒருத்திதான். கானாவுக்கு மட்டும் போகவில்லை. அதுவும் உன் முறைதான், ஆனால் அதற்கு மட்டும் கால் வரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. பாபு என்று நினைத்து எடுத்தேன். உன் அம்மா. நைனாவின் காரியத்துக்குப் பிறகு அவர் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆஸ்பத்திரியில்கூட நான் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். குரலைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

"இன்னாம்மே, எழுதிகினு கீறியா?"

"அம்மா... நான் எழுத வேணாம்மா. என் கை வேணாம். வேற யாராச்சும் எழுதட்டும்."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. பந்தலுக்குக் கட்டை அடிக்கிற சத்தமும் கேட்டது.

"எனக்கு உம்மேல ஆத்திரம் இருந்துச்சிம்மே. இல்லன்னு சொல்ல மாட்டேன். எவ மேலயாவது ஆத்திரப்பட்டாத்தான எனக்கும் தூக்கம் வரும். அப்பால அவளே ஒரு நாளு என்னாண்ட சொன்னா. நைனா சாவுறதுக்கு முன்னாடியே அவளுக்கு வயித்துல வலி இருந்துகினு கீது. எங்கள பேஜார் பண்ண வேணாம்னு சொல்லாம இருந்து கீறா. உன்னாண்டயும் சொல்லல, இல்ல?"

அன்றைக்கு மைக்கைப் பிடித்துக்கொண்டு, உசுரோட கீறேன் என்று சிரித்தபோதே உனக்கு உள்ளே வலித்துக்கொண்டிருந்திருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு கச்சேரி முடிகிற வரை உட்கார்ந்திருந்தாயே, பயந்திருந்தது நான் ஒருத்தி மட்டும் இல்லை. எனக்குத் தைரியம் கொடுக்கத்தான் நீ என் கையைப் பிடித்தாய் என்று இவ்வளவு நாளாக நினைத்திருந்தேன்.

"அவ பதினாறாம் நாளு சீட்டுல உன் பேர பாபு எழுதி வெச்சிருந்தான்" என்றார் உன் அம்மா. "பாட்டுக்காரு மூணு தபா கூப்டாரு. எல்லாரும் சுத்திப் பாத்தாங்கோ. நான்தான், அது வந்துகினு கீதுன்னு சொன்னேன். ஒரு வருசமா யாரு கேட்டாலும் அத்தத்தான் சொல்லிகினு கீறேன். இன்னிக்கும் என்ன சொல்ல வெக்காத."

"வரேம்மா" என்றேன். "என் பேருக்குப் பக்கத்துல உறவு என்னன்னு எழுதறது?"

"அத்த என்னாண்ட ஏன் கேக்குற? அவ உன்ன இன்னான்னு கூப்டுவாளோ, அத்த எழுது."

வைத்துவிட்டார். மணி மூன்றரை. கீழே தெருவில் ஊர்வலம் கிளம்பிவிட்டது. மேளம் என் வாசலைத் தாண்டும்போது ஜன்னலைத் திறந்து பார்த்தேன். மூன்றாம் வீட்டுப் பெரியவர். அவர் மகன் முன்னால் தீச்சட்டியோடு போகிறான், முகம் வீங்கியிருக்கிறது. பார்த்துக்கொண்டே நின்றேன். நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. கடைசி ஆள் தெருமுனை திரும்புகிற வரை நின்றேன்.

பிறகு வந்து உட்கார்ந்து சீட்டை எழுதினேன். முதல் எழுத்துக்கே பேனா வழுக்கியது, கையில் அத்தனை வேர்வை. ஒரு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்று எடுத்தேன். மேல் வரியில் உன் பெயரை முழுதாக, தலைப்பெழுத்தோடு எழுதினேன். கோடு போட்டேன். கீழே அம்மா. தம்பி பாபு. தம்பி மனைவி. கடைசி வரியில் ரோஸ்லின், தோஸ்து.

எழுதியதை ஒருமுறைக்கு மூன்று முறை படித்துப் பார்த்தேன். பயமாகத்தான் இருக்கிறதடி. நீ மேலே இருக்கிறாய், நான் கீழே இருக்கிறேன். இந்த முறை கோடு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது.